புரொசசருக்கு ஒரு வட்டை விதானை

கீழ்வாய்க்கால் நீர்ப்பங்கீட்டு நவீனமாக்கல் கந்தோருக்கு மடியில் வைத்துப் பாவிக்கும் கொம்பியூட்டர் வந்து சேர்ந்த அன்றே, அதை எவருடைய மடியிலும் வைக்கக் கூடாதென்று உத்தரவு போடப்பட்டது. மேசையிலும் வெறுமனே வைக்க முடியாது, தூசு படும். ஆகையால் கல்முனையில் மூடிப்போன மிட்டாய்க் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டியை வாங்கி, முஸ்கத்து அல்வாவின் வாடை போகக் கழுவி, அதற்குள் கொம்பியூட்டரைக் குடியமர்த்தினார்கள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டுச் சிறுபோகம் அது. வெளிநாட்டு உதவியில் வந்த அந்தக் கொம்பியூட்டருக்குள் அப்போதுதான் உலகத்துக்கு அறிமுகமாகியிருந்த புதுவகைப் புரொசசர் இருந்தது. எந்த வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் என்று அது கணக்குப் பார்த்துச் சொல்லும். அதுவரை அந்த வேலையைச் செய்து வந்தவர் வட்டை விதானை அழகரெத்தினம். காலையில் வரம்போரம் சைக்கிளைச் சாத்திவிட்டு, சேற்றில் கால் பெருவிரலை ஊன்றிப் பார்த்து, "நாளைக்கு உனக்கு" என்பார். அடுத்தநாள் வாய்க்கால் கதவைத் திறந்து விடுவார். இதில் நவீனம் எதுவும் இல்லையென்று மேலிடம் கண்டுபிடித்திருந்தது.

மாவடிப்பள்ளி அபூசாலிக்கு அந்த வாய்க்காலின் ஆகக் கடைசியில் மூன்று ஏக்கர் இருந்தது. வீட்டின் அடுத்த வருஷத்துச் சோறும், அதற்கடுத்த போகத்தின் விதைநெல்லும் அந்த மூன்று ஏக்கருக்குள்தான் நின்றன. பயிர் குடலை கட்டியிருந்தது. கதிர் வெளியே வரப்போகும் இந்த நேரத்தில் தண்ணீர் கிடைக்காவிட்டால் கதிர் வரும், அதற்குள் நெல் இருக்காது. கச்சான் காற்று ஏதோ கோபத்தோடு மேற்கிலிருந்து இறங்கி, வயலின் முகத்தில் வெந்நீர் ஆவி போல ஊதிக்கொண்டிருந்தது. வரம்புகள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. அபூசாலி சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனார்.

"சேர், என்ட வயலுக்கு இன்னும் முறை வரல்ல."

பணிப்பாளர் அப்துல் ஸமட் எழுந்து நின்று வரவேற்றார். நல்ல மனிதர். முப்பது வருடச் சேவையில் அவர் ஒரு குளத்தின் துருசுக் கதவையும் முழுதாகத் திறந்ததில்லை. அவருடைய காலத்தில் இரண்டு குளங்கள் உடைப்பெடுத்திருந்தன. அப்போதும் அவர் திறக்கவில்லை என்பது அவருடைய சேவைக் கோவையில் பாராட்டாகப் பதியப்பட்டிருந்தது.

"கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. நீங்களே பாருங்கள்" என்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்.

அபூசாலி குனிந்து பார்த்தார். திரையில் ஓர் இலக்கம் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். கூரையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, இரண்டு தரம் கரைந்து, அலுத்துப்போய்ப் பறந்து சென்றது. பிறகு அடுத்த இலக்கம் வந்தது.

கொம்பியூட்டரை இயக்குவதற்கென்று நியமனம் பெற்றிருந்த றிஸ்லா பக்கத்துக் கதிரையில் கன்னத்தில் கைவைத்து இருந்தாள். சாய்ந்தமருதுப் பிள்ளை; அபூசாலியை அண்ணன் முறையில் காக்கா என்பாள். கொழும்பில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தவள்.

"மேல இருந்து ஒவ்வொரு வயலாக் கணக்குப் பாத்து வரும் காக்கா. நாலு மணிக்கு நிப்பாட்டிருவாங்க. அடுத்தநாள் திரும்பவும் முதலாம் வயல்ல இருந்துதான் தொடங்கும். பாதியில விட்டது அதுக்கு ஞாபகம் இரிக்கிறல்ல."

"அப்ப என்ட வயல்?"

"அது கடைசியில கிடக்கு. அங்க போய்ச் சேரமுந்தி நாலு மணி ஆகிருது."

தண்ணீர்தான் கடைசி வயலுக்கு வராது என்று இத்தனை காலமும் நினைத்திருந்த அபூசாலிக்கு, கணக்கும் வராது என்பது புதிய செய்தியாக இருந்தது.

"ஏன் மகள் இது இவ்வளவு ஆறுதலா, மெல்லமாப் போகுது? புதுச் சாமான் என்டுதானே சொன்னாங்க?"

றிஸ்லா குரலைத் தாழ்த்தினாள். "புதுசுதான். முழு வலுவில விட்டா ஒரு மணித்தியாலத்துல எல்லா வயலையும் முடிச்சிரும். பற்றரி மிச்சம் பிடிக்கிறதுக்கு என்டு ஆகக் குறைஞ்ச வலு ஒண்டு இருக்கு. சேர் அதுலதான் வச்சிருக்கார்."

பணிப்பாளருக்குக் காது கூர்மை.

"மகள், அவருக்கு முழுவதையும் விளங்கப்படுத்த வேண்டும்" என்றவர், மேடை இல்லாவிட்டாலும் மேடையில் நிற்பவர்போல இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அபூசாலி, இதற்குள்ளே இருப்பதும் ஒரு குளம்தான். அதில் நிறைந்திருப்பது வலு. முழுக் கதவையும் திறந்து விட்டால் பாய்ந்து போகும், சூடாகும், இரைச்சல் போடும். பிறகு அவசரத்துக்கு என்ன செய்வது?"

"சேர், வயர் கொழுவித்தானே கிடக்கு" என்றாள் றிஸ்லா. "கரண்ட்ல ஓடுற சாமான். பற்றரிய மிச்சம் பிடிச்சு என்ன செய்ற?"

"கரண்ட் எதிலிருந்து வருகிறது?"

றிஸ்லா வயர் போய் முடியும் சுவரைப் பார்த்தாள்.

"தண்ணீரிலிருந்து" என்றார் பணிப்பாளர். "மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலிருந்து. ஆகவே இந்த இயந்திரம் எவ்வளவுக்கு மெதுவாக ஓடுகிறதோ, அவ்வளவுக்கு நாட்டில் தண்ணீர் மிஞ்சுகிறது. தண்ணீர் யாருக்கு? விவசாயிக்கு. அபூசாலி, உங்களுக்காகத்தான் நாங்கள் இதை ஓடவிடாமல் வைத்திருக்கிறோம்."

அபூசாலிக்கு ஒரு கணம் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் அந்தக் கணம் கழிந்தது.

வலுவைக் கூட்ட வேண்டுமானால் வழி ஒன்று இருக்கிறது என்று பணிப்பாளர் சொல்லி அனுப்பியிருந்தார். குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பதென்று போகத்தின் தொடக்கத்தில் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி ஆரம்பக் கூட்டம் வைப்பார்கள். அதேபோல் புரொசசருக்கும் ஓர் ஆரம்பக் கூட்டம் வைக்க வேண்டும்.

கூட்டத்துக்கு முன்னோடியாக, குளத்துக்கு விதானை இருப்பதுபோல் புரொசசருக்கும் ஒரு விதானை வேண்டுமென்று முடிவானது. அனுபவம் உள்ளவர் அந்தப் பிரதேசத்தில் ஒருவர்தான். அடுத்த கிழமை அபூசாலி கந்தோருக்குப் போனபோது, அழகரெத்தினம் சேறு காய்ந்த காலோடு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். காரைதீவு மனிதர். இருபது வருடப் பழக்கம். அபூசாலியைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"விதானையார், நீங்க இஞ்ச குந்திக் கிடந்தா அங்க வாய்க்கால யாரு திறக்கிற?"

"கொம்பியூட்டர் சொன்னாத் திறப்பன் மச்சான்."

"அது எப்பச் சொல்லும்?"

"வலுவத் திறந்து விட்டாச் சொல்லும்."

"வலுவ யாரு திறக்கிற?"

அழகரெத்தினம் தொண்டையைச் செருமினார். "நான்தான்."

"அப்ப திறவுங்களன்!"

"கூட்டம் முடிவெடுக்கணுமே. நான் என்ன செய்ய, எனக்கும் வேலை வேணாமா? காலையில வந்து இதுக்கு முன்னால இருக்கிறன். யாரும் கிட்ட வந்தா எழும்பி நிக்கிறன். பெண்சாதி கேக்கிறா, என்ன காவல் காக்கிறீங்க என்டு. எனக்கே தெரியாது."

கூட்டம் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மேல்வாய்க்கால்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுடைய வயல்களின் கணக்கு ஒவ்வொரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் கூடிப்போய், வடிக்க இடமில்லாமல் இருந்தார்கள். பணிப்பாளர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"நவீன உலகம் இந்தப் புரொசசரைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் அதை எப்படிப் பாவிக்காமல் இருப்பதென்று நாம்தான் கண்டுபிடித்திருக்கிறோம். இன்றுவரை அதன் மொத்த வலுவில் கால்பங்கைக் கூட நாம் தொடவில்லை. இதை நான் பெருமையுடன் அறியத்தருகிறேன்."

கைதட்டல் எழுந்தது.

"தொடாத வலு எங்க சேர் கிடக்கு?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"உள்ளேதான்" என்றார் பணிப்பாளர். "பத்திரமாக."

அபூசாலி பின்வரிசையில் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "என்ட பயிர் குடலையில நிக்கி சேர். காயுது. எனக்கு வலுவும் வேணா, கொம்பியூட்டரும் வேணா. கொஞ்சம் தண்ணி."

"மிக முக்கியமான கருத்து" என்றார் பணிப்பாளர். "கூட்ட அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

மாலைவரை கதைத்து, வலுவை அரைக்கதவு திறப்பதென்றும் அதையும் முறை வைத்து விடுவதென்றும் தீர்மானித்தார்கள். காலையில் பணிப்பாளரின் கடிதங்களுக்கு. அதன்பிறகு கணக்குப் பிரிவுக்கு. நாலு மணிக்கு முந்திய கடைசி அரை மணித்தியாலம் நீர்ப்பங்கீட்டுக்கு. கடிதப் பிரிவு தன் முறையில் வலுவை வீணாக்காமல் இருக்க, கடிதங்களைச் சுருக்கமாக எழுத வேண்டுமென்று பணிப்பாளர் மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார்.

அரைவலு திறந்த முதல் நாளே பெட்டிக்குள்ளிருந்து ஓர் இரைச்சல் வந்தது. கொம்பியூட்டரின் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன விசிறி சுழலும் சத்தம். அழகரெத்தினம் முக்காலியோடு பின்னால் நகர்ந்தார். பணிப்பாளர் கண்ணாடியில் கைவைத்துப் பார்த்து, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டவர்போல உச்சுக்கொட்டினார்.

"பெட்டிய எடுத்தாக் குளிர்ந்திரும் சேர்" என்றாள் றிஸ்லா.

"பெட்டியை எடுத்தால் தூசு படும்."

சூட்டைத் தணிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. கச்சான் காற்றில் அஸ்பெஸ்டஸ் கூரை காய்வதுதான் காரணமென்று குழு கண்டுபிடித்து, கூரை முழுக்கச் சாக்கு விரித்து அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டுமென்று சிபாரிசு செய்தது. கந்தோர் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. தண்ணீர் இறைக்கும் பம்பி ஒன்று பூட்டப்பட்டது. பம்பிக்குத் தண்ணீர் போதாதபடியால் வாய்க்காலில் ஒரு வக்கடை வெட்டி, கந்தோர் வளவுக்குள் திருப்பிவிட்டார்கள். கொம்பியூட்டரிடம் கேட்காமலே அந்த வக்கடையைத் திறக்க அழகரெத்தினத்துக்கு விசேட அனுமதி வழங்கப்பட்டது.

அபூசாலி தன் வயலிலிருந்து வாய்க்காலைப் பிடித்து மேலே நடந்து வந்து அந்த இடத்தில் நின்றார். அவருடைய வயலுக்கு நனைக்கவென்று கசிந்து வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சமும் கூரையில் ஏறிச் சாக்குகளில் ஊறி, தாழ்வாரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் இடத்தில் யாரும் விதைக்காமலே புல் செழித்து நின்றது. ஒரு கணம் அவருக்கு அந்தக் கூரையே ஒரு வயலாகத் தெரிந்தது. சாக்குகளின்மேல் நெல் முளைத்து, கதிர் சாய்ந்து, கந்தோர் உத்தியோகத்தர்கள் ஏணி வைத்து ஏறி அறுவடை செய்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் மனைவி ஹாஜறாவிடம் சொன்னார். அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"பெட்டிக்குள்ள வச்ச சாமானுக்கு வேர்க்குதாம், தண்ணி ஊத்துறாங்களாம். நம்மட பயிருக்கு வேர்க்கல்லயாமா? நீங்க என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ற."

"ஒண்டும் சொல்லாம வந்திருக்கீங்க. அந்தப் பெட்டிக்குள்ள உங்களையும் வைக்கச் சொல்லுங்க. உங்கட தலைக்கு மேலயாவது தண்ணி ஊத்துவாங்க."

வியாழக்கிழமை றிஸ்லா அவரைக் கந்தோர் வாசலில் மறித்தாள். அவளுடைய கண்ணில் அபூசாலி முதல்முறையாகக் கோபத்தைக் கண்டார்.

"காக்கா, நாளைக்கு ஜும்ஆவுக்கு எல்லாரும் பள்ளிக்குப் போன பொறவு நான் முழு வலுவில போடுறன். உங்கட வயல் வரைக்கும் ஓடினாப் போதும். கணக்குத் தாளக் கையில தாறன். நீங்க சேரக் கொஞ்சம் சுணக்குங்க."

"விதானையார் இருப்பாரே? அவருக்கு ஜும்ஆ இல்லையே."

உள்ளேயிருந்து அழகரெத்தினத்தின் குரல் வந்தது. "நான் அந்த நேரம் சோறு தின்னப் போயிருவன். என்ட கண்ணுக்கு முன்னால நடக்காதது எனக்குத் தெரியாது. தாள் வந்தா மச்சான், அடுத்த நிமிஷம் கதவு திறந்து கிடக்கும். அத மட்டும் என்னட்ட விடுங்க."

அந்த வெள்ளிக்கிழமை மௌலவி பொறுமையைப் பற்றிக் குத்பா ஓதினார். அபூசாலியின் காதில் எதுவும் விழவில்லை. ஒரு விசிறி சுழலும் சத்தம் மட்டும் கேட்டபடி இருந்தது. தொழுகை முடிந்ததும் பணிப்பாளரின் செருப்பைத் தேடிக் கொடுத்து, கூடவே நடந்து, பள்ளிக்கு முன்னாலிருந்த தேநீர்க் கடைக்குள் அவரை ஏறக்குறையத் தள்ளிக்கொண்டு போனார்.

"இஞ்சிப் பிளேன்டீ ஒண்டு குடிச்சிட்டுப் போவம் சேர்."

"கந்தோரில் வேலை இருக்கிறதே, அபூசாலி."

"குளம் உடைச்ச கதைய இன்னும் நீங்க எனக்குச் சொல்லல்லயே."

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. உட்கார்ந்தார். முதலாவது குளத்தைச் சொல்லத் தொடங்கினார். மழை பெய்தது, நீர்மட்டம் ஏறியது, ஊரார் வந்து கதவைத் திறக்கச் சொல்லிக் காலில் விழுந்தார்கள், அவர் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். அபூசாலி "ஓம் சேர், மறுகா?" என்று கேட்டுக்கொண்டே மனதுக்குள் வயல்களை எண்ணினார். இப்போது நடுவாய்க்காலுக்கு வந்திருக்கும். இப்போது றஸாக்குடைய வயல். அதற்கு அடுத்தது தன்னுடையது. முதலாவது குளம் உடைப்பெடுத்தது. பணிப்பாளர் கோப்பையை வைத்தார்.

"ரெண்டாவது குளம் சேர்?"

"அது..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். காற்று திசை மாறியிருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம், கந்தோர்ப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் வந்தது.

அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி ஓடி அபூசாலி பார்த்ததில்லை. தொப்பி விழுந்ததையும் அவர் கவனிக்கவில்லை. அபூசாலி தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். இருவரும் உள்ளே நுழைந்தபோது கூரையிலிருந்து தண்ணீர் சொட்ட, பெட்டிக்குள் விசிறி இரைய, திரையில் இலக்கங்கள் மழைபோல விழுந்துகொண்டிருந்தன. அபூசாலிக்கு அது உலகத்திலேயே ஆக அழகான காட்சியாக இருந்தது. றிஸ்லா "சேர், இன்னும் ஒரே ஒரு வயல்..." என்று எழுந்தாள்.

பணிப்பாளர் வயரைப் பிடுங்கினார். அதோடு நிற்காமல் பெட்டிக்குள் கையை விட்டு பற்றரியையும் கழற்றினார்.

திரை கறுத்தது. கடைசியாக வந்திருந்தது றஸாக்குடைய வயல்.

"அல்லாஹ் காப்பாற்றினான்" என்றார் பணிப்பாளர் மூச்சு வாங்கியபடி. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முடிந்திருக்கும்."

"ஓம் சேர்" என்றார் அபூசாலி. "முடிஞ்சிருக்கும்."

விசாரணை நடந்தது. றிஸ்லாவைத் தட்டச்சு இயந்திரத்துக்கு மாற்றினார்கள். அழகரெத்தினத்துக்குச் சாப்பாட்டு நேரம் இரத்துச் செய்யப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போடப்பட்டது; வலு மீண்டும் ஆகக் குறைந்த நிலைக்கு இறக்கப்பட்டது. கணக்குகள் தலைவாய்க்காலிலிருந்து புதிதாகத் தொடங்கின.

அபூசாலியின் வயலில் கதிர் வந்தது. வெள்ளையாக வந்தது. கையில் எடுத்து நசித்தால் காற்றுத்தான் வெளியேறியது. ஒருநாள் அவர் வரம்பில் உட்கார்ந்திருந்தபோது அழகரெத்தினம் அந்தப் பக்கம் வந்தார். காலைச் சேற்றில் ஊன்றிப் பார்க்க அங்கே சேறு இருக்கவில்லை. அவரும் ஒரு கதிர் பிடுங்கி நசித்துப் பார்த்தார்.

அழகரெத்தினம் வந்தது வேறு வேலையாக. உதவி கொடுத்த வெளிநாட்டார் கொழும்பிலிருந்து ஓர் உயரதிகாரியோடு வருகிறார்கள். புதுப் புரொசசரின் திறமையை நேரில் பார்க்க வேண்டுமாம். ஆகவே முழு வலுவையும் திறக்கும் விழா. பயனாளி ஒருவர் வந்து விசையை அமத்த வேண்டும். கடைசி வயல்காரர் என்றால் நன்றாக இருக்குமென்று பணிப்பாளர் நினைக்கிறார்.

"போகாதீங்க" என்றாள் ஹாஜறா.

"பெரியவர் வாறாராம். ஒரு சொல்லுச் சொல்லிப் பாக்கிறன். விதைநெல்லுக்காவது ஏதும் செய்வாங்க" என்று அபூசாலி அதே சேட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

பந்தல் போட்டிருந்தார்கள். பூட்டிய பெட்டி மேடையில் இருந்தது. தட்டச்சு அறையிலிருந்து றிஸ்லாவைக் கூட்டி வந்திருந்தார்கள், முழு வலுவில் இயக்க வேறு யாருக்கும் தெரியாதபடியால். விருந்தினருக்கு நேரமில்லை என்பதால், வரிசைப்படி மேலிருந்து தொடங்க வேண்டும் என்ற விதியைப் பணிப்பாளர் அன்றைக்கு மட்டும் தளர்த்தினார். அபூசாலியின் வயலை மட்டும் கணக்குப் பார்த்தால் போதும்.

"இன்று" என்றார் ஒலிவாங்கியில், "இத்தனை காலம் நாம் சிந்தாமல் சிதறாமல் காத்த வலுவை, ஓர் ஏழை விவசாயிக்காக, முழுதாகத் திறக்கிறோம்."

அழகரெத்தினம் பூட்டைத் திறந்தார். அபூசாலி சுட்டுவிரலால் விசையை அமத்தினார். விரலை எடுக்குமுன் விடை வந்தது. திரையில் பெரிதாக ஒரு பூச்சியம்.

"இது என்ன?" என்று உயரதிகாரி குனிந்து கேட்டார்.

றிஸ்லா தலையைக் குனிந்தபடி சொன்னாள். "இவருக்குத் தேவையான தண்ணீர் சேர். பயிர் செத்திட்டு என்டு விதானையார் பதிஞ்சிருக்கார். அதால தேவை இல்லை."

பணிப்பாளர் ஒரு நொடிதான் தடுமாறினார். பிறகு ஒலிவாங்கியை நெருங்கினார். "கீழ்வாய்க்காலில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றாக நீங்கிவிட்டது!"

பந்தல் முழுக்கக் கைதட்டியது. வெளிநாட்டார் எழுந்து நின்று தட்டினார்கள். ஆனால் படம் பிடிப்பவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"பிடிபடல்ல சேர்! நான் கெமராவத் தூக்கமுந்தி முடிஞ்சு போச்சு. இன்னொருக்கா அமத்தச் சொல்லுங்க."

அபூசாலி இன்னொருக்கா அமத்தினார். பூச்சியம். இப்போது உயரதிகாரி கண்ணை மூடிவிட்டார். மூன்றாம் தரம் அமத்தினார். பூச்சியம். வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

"நல்லம், பிடிபட்டிட்டு."

அபூசாலி உயரதிகாரியிடம் சொல்ல வைத்திருந்த சொல்லைத் தேடினார். "இவ்வளவு கெதியா வருமா சேர்?" என்று மட்டும் கேட்டார்.

"இதுதான் முழு வலு" என்றார் பணிப்பாளர், புன்னகையோடு.

அபூசாலி திரையைப் பார்த்தார். விசையை மறுபடியும் அமத்தினார். பூச்சியம் வந்தது. மறுபடியும் அமத்தினார்.

"படம் எடுத்தாச்சு, அபூசாலி. போதும்."

அவர் அமத்தினார்.

"வலு வற்றிப் போகும்! விதானையார், கையைப் பிடியுங்கள்!"

அழகரெத்தினம் எழும்பி அருகே வந்து நின்றார். கையை நீட்டவில்லை. அபூசாலி விசையை அமத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தரமும் கொம்பியூட்டர் ஒரு கணமும் சுணங்காமல், அவருடைய வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமென்று சொன்னது.